அமூன் கோயில் உப்பும் நம்மூர் நவச்சாரமும்

தூத்துக்குடித் துறைமுகத்தைப் பற்றிய செய்திகளில் ‘பசுமை அம்மோனியா’ என்ற பெயர் இப்போதெல்லாம் அடிக்கடி அடிபடுகிறது. காண்ட்லா, பாரதீப், தூத்துக்குடி ஆகிய மூன்று துறைமுகங்களையும் ஹைட்ரஜன் மையங்களாக வளர்க்க மத்திய அரசு தேர்ந்தெடுத்திருக்கிறது. காற்றும் வெயிலும் தேவைக்கு மேல் தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க வேண்டும். அதைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கித் தொட்டியில் நிரப்ப வேண்டும். பிறகு எரிக்கலாம், உரமாக்கலாம், கப்பலேற்றலாம். திட்டத்தின் சுருக்கம் இவ்வளவுதான். உர ஆலைக்குள் அடைந்து கிடந்த ஒரு பொருளுக்கு எரிபொருள் என்ற பதவி உயர்வு வந்திருக்கிறது. பதவி வரும்போது பூர்வீகம் விசாரிப்பது நம் வழக்கம்தானே, விசாரித்துவிடுவோம்.

அகராதிகள் இந்தப் பெயரை எகிப்தின் அமூன் என்ற தெய்வத்திடம் கொண்டுபோய் விடுகின்றன. அமூன் என்றால் மறைந்திருப்பவன். கண்ணுக்குத் தெரியாதவன் என்பதால் பழைய நாளில் காற்றோடு சேர்த்துப் பேசப்பட்டவன். தீப்ஸ் நகரம் தலையெடுத்தபோது சூரிய தெய்வமான ராவோடு இணைந்து அமூன்-ரா ஆனான். கர்னாக் பெருங்கோயில் அவனுடையதுதான். காற்றாலையும் சூரியத் தகடும் சேர்ந்து ஆக்கப்போகும் பொருளுக்குக் காற்றும் சூரியனுமான தெய்வத்தின் பெயர்! விளம்பரக்காரர்கள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இப்படிப் பொருந்தியிருக்காது. ஆனால் பொருத்தம் முழுக்கத் தற்செயல். பெயர் வந்த பாதையில் குறைந்தது ஒரு ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது.

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், லிபிய எல்லையை ஒட்டி, சீவா என்ற பாலைவனச் சோலை இருக்கிறது. பேரீச்சந்தோப்புகளும் உப்பு ஏரிகளும் உள்ள ஊர். அமூனுக்கு அங்கே குறி சொல்லும் கோயில் ஒன்று இருந்தது. கி.மு. 331-இல் அலெக்சாந்தர் பாலைவனத்தைக் கடந்து அங்கே குறி கேட்கப் போனது வரலாற்றில் பிரசித்தம். கிரேக்கர்கள் அமூனைத் தங்கள் ஜீயஸோடு ஒன்றாக்கி, ஆட்டுக்கடாக் கொம்பு வைத்து, அம்மோன் என்று அழைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த உப்புக்கு ‘அம்மோனின் உப்பு’ என்ற பெயர் ஏற்பட்டது. ஒரு செடியின் பிசினுக்கும் அதே பெயர். ரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் இந்த உப்பைச் சொல்லும்போது, மணலுக்கு அடியில் கிடைப்பதால் மணலைக் குறிக்கும் ‘அம்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்று எழுதிவைத்தார். ஒலி ஒத்துப்போனால் போதும், பொருள் சொல்லிவிடலாம் என்ற துணிச்சல் எல்லா மொழிகளிலும் உண்டு.

பிளினி கண்ட உப்பு, அவர் தரும் வருணனையைப் பார்த்தால், பெரும்பாலும் பாறையுப்புதான். நாம் சோற்றில் போடுகிற அதே சோடியம் குளோரைடு. அதில் அம்மோனியா ஒரு துளிகூடக் கிடையாது. அம்மோனியா உள்ள உப்பு வேறு. அது வந்த திசையும் வேறு.

அந்தத் திசைக்குப் போகுமுன் ஒரு கிளைக்கதை. ஆட்டுக்கடாக் கொம்பைப் போலச் சுருண்ட புதைபடிவம் ஒன்றைப் பழைய ரோமானியர் ‘அம்மோனின் கொம்பு’ என்றார்கள். அறிவியலில் அது அம்மோனைட் ஆயிற்று. வாயுவுக்கும் இந்தக் கல்லுக்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. அரியலூர் வட்டாரத்தில், ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலத்தில், இந்த அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். எகிப்தியக் கடவுளின் கொம்பு என்று ஒருவர் கண்டதை விஷ்ணுவின் சக்கரம் என்று இன்னொருவர் கண்டார். கிளைக்கதை இத்தோடு போதும்.

அம்மோனியா உள்ள உப்பு மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. இன்றைய தஜிகிஸ்தான் மலைகளில் நிலக்கரிப் படுகைகள் தாமாகவே தீப்பிடித்துப் பல நூறு ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்த இடங்கள் உண்டு. வெடிப்புகளின் வழியே வரும் புகையில் அம்மோனியம் குளோரைடு இருக்கும்; குளிர்ந்த பாறையில் அது வெள்ளைப் பொருக்காகப் படியும். பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் இப்ன் ஹவ்கல், சமர்கந்துக்கு அப்பாலுள்ள புத்தம் மலையில் இந்தப் புகைவாயின் மேல் வீடு போலக் கட்டி, கதவு சன்னல்களை அடைத்துவைத்து உப்பைப் படியவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அள்ளப் போகிறவர் நனைத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு ஓடிவர வேண்டும். பாரசீகத்திலும் அரபியிலும் இந்த உப்புக்கு நூஷாதிர் என்று பெயர். அரபு ரசவாதிகளுக்கு இது உயிர்நாடியான சரக்கு.

நூஷாதிர் வடமொழிக்கு வந்தபோது நவசாதரம், நவசாரம், நரசாரம் என்று பல உருவம் எடுத்தது. தமிழில் நவச்சாரம். ‘நவ’ என்றால் ஒன்பது, ‘சாரம்’ என்றால் சத்து, ஆகவே ஒன்பது சத்துள்ளது என்று பிரித்துப் பொருள் காணப் புகுந்தால் பிளினி மணலில் விழுந்த இடத்திலேயே நாமும் விழுவோம். பாரசீகச் சொல்லின் ஒலியை வாங்கி, யவக்ஷாரம் என்கிற யவச்சாரம் போன்ற பழகிய காரப்பெயர்களின் அச்சில் வார்த்துக்கொண்டார்கள் என்பதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. நாட்டுமருந்துக் கடையில் யவச்சாரமும் நவச்சாரமும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும்போது இரண்டும் அண்ணன் தம்பிப் பெயர்களாகிவிடுவது இயல்புதான்.

வடமொழி ரசநூல்கள் நவசாரத்தைச் செங்கல் சூளையில் உண்டாகும் வெளிறிய உப்பு என்று சொல்லும். ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. இன்றைய ஹரியானாவின் கர்னால் பகுதியில், குளத்துச் சேற்று மண்ணால் அறுத்த கல்லைச் சாணம் முதலிய எரிபொருளிட்டுச் சுட்டு, மேலே படியும் பொருக்கைச் சுரண்டி, காய்ச்சிப் பதங்கமாக்கி நவச்சாரம் எடுப்பது குயவர்களின் தொழிலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இருந்தது. எகிப்திலும் இதே கைத்தொழில்தான், ஆனால் ஒட்டகச் சாணத்தில். விறகில்லாத நாட்டில் சாணமே அடுப்பெரிக்கும். அந்தப் புகைக்கரியைச் சேர்த்துக் கண்ணாடிக் குடுவைகளில் சூடாக்கி உப்பைப் பிரித்தார்கள். எகிப்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்கு என்பதால், பிளினியின் பாறையுப்புக்கு இருந்த ‘அம்மோனின் உப்பு’ என்ற பழைய பெயர் எளிதாக இதன் தலையில் ஏறிக்கொண்டது. ஆள்மாறாட்டம் என்றேனே, அது இதுதான். தற்காலப் புவியியலின் தந்தை என்று போற்றப்படும் ஜேம்ஸ் ஹட்டனுக்குக்கூட, எடின்பரோவில் புகைபோக்கிக் கரியிலிருந்து இந்த உப்பைக் காய்ச்சிய ஆலையில் பங்கு இருந்தது. பூமியின் வயதைப் பற்றி நிதானமாக யோசிக்க அவருக்கு அவகாசம் வாங்கித் தந்த வருமானத்தில் நவச்சாரத்துக்கும் பங்குண்டு.

நம்மூரில் நவச்சாரத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்க்க வேண்டும். தெருவோரம் சிறு குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. பித்தளைத் தவலையை இடுக்கியால் பிடித்துச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுவார். சூடு ஏறியதும் வெள்ளைப் பொடியை ஒரு சிட்டிகை உள்ளே தூவி, ஈயக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, துணிச்சுருளால் வட்டமாக ஒரு துடைப்பு. குப்பென்று வெண்புகை எழும். மூக்கைத் துளைக்கும் நெடி. தவலையின் உட்புறம் வெள்ளியாகிவிடும். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரிகிறது. அமிலம் செம்புக் களிம்பைத் தின்றுவிடுவதால் ஈயம் பற்றிக்கொள்கிறது. மேலே போய்க் குளிர்ந்த இரண்டும் மறுபடி கூடி நவச்சாரமாகிவிடும். அந்த வெண்புகை வேறொன்றுமில்லை, அதே பொடிதான். எவர்சில்வர் வந்து ஈயம் பூசுகிறவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. சொல்லும் அவர்களோடு ஒதுங்கிப்போனது.

மின்சாரத்துக்கும் நவச்சாரத்துக்கும் உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1866-இல் பிரான்சின் லெக்லாஞ்சே செய்த மின்கலத்தில் நவச்சாரக் கரைசல்தான் மின்பகு திரவம். அதன் வாரிசான பழைய டார்ச் லைட் பேட்டரியைப் பிரித்தால் கறுப்புக் களியோடு கையில் ஒட்டுவதில் அதுவும் இருக்கும்.

உப்பிலிருந்து வாயுவைத் தனியே பிடித்தவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. 1770-களில், நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் கலந்து சூடாக்கி, வரும் வாயுவைப் பாதரசத்தின் மேல் சேகரித்தார். தண்ணீரின் மேல் சேகரிக்கப் பார்த்தால் தண்ணீரே குடித்துவிடும். நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் கசக்கித் தலைவலிக்கும் சளிக்கும் முகரக் கொடுக்கும் கைவைத்தியம் நம்மிடமும் உண்டு; வேதியியல் இரண்டும் ஒன்றே. பிரீஸ்ட்லி தாம் பிடித்ததைக் ‘காரக்காற்று’ என்ற பொருளில் அழைத்தார். 1782-இல் சுவீடனின் டோர்பெர்ன் பெரிமான், உப்பின் லத்தீன் பெயரை வெட்டி ‘அம்மோனியா’ என்று வைத்த பெயரே நிலைத்தது. மூன்றாண்டு கழித்து பெர்த்தொலே அதைப் பகுத்து, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது என்று காட்டினார்.

நைட்ரஜன் என்ற பெயரின் கதையும் இதே அச்சுதான். 1790-இல் ஷாப்தால் ‘நைட்டர்’ என்ற வெடியுப்பிலிருந்து அந்தப் பெயரை ஆக்கினார். நைட்டரின் வேர் எகிப்தியர் மம்மிகளைப் பதப்படுத்திய நேத்ரான் உப்பு. நேத்ரான் சோடியம் கார்பனேட் வகை. அதில் நைட்ரஜன் இல்லை! அந்தச் சொல் காலப்போக்கில் வெடியுப்புக்கு இடம் மாறியது. சோடியத்தின் குறியீட்டில் நேத்ரான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, அம்மோனியா என்ற பெயரும் அதன் நடுவிலுள்ள நைட்ரஜனின் பெயரும் எகிப்திலிருந்து, அந்தப் பொருளே இல்லாத இரண்டு உப்புகளின் வழியாக வந்தவை. ஹைட்ரஜன் மட்டும் நேர்மையான பெயர்: நீரை ஆக்குவது. 1787-இல் பிரெஞ்சு வேதியியலார் யோசித்து வைத்தது. ஈழத்துப் பாடநூல்கள் இந்தப் பெயர்களைத் தமிழ் ஒலிக்கு இணக்கி ஐதரசன், நைதரசன், அமோனியா என்று எழுதுகின்றன. எனக்கு அந்த எழுத்துமுறை பிடிக்கும்.

சாணமும் கரியும் தந்துகொண்டிருந்ததைக் காற்றிலிருந்தே எடுத்தவர்கள் ஜெர்மானியர்கள். ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் கார்ல்ஸ்ரூவில் ஆய்வுக்கூட அளவில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை 1913-இல் ஓப்பாவில் ஆலையாக்கினார். இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் வெப்பம், நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தம். இன்று உலகில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா ஆகிறது. பெரும்பகுதி யூரியாவாகவும் பிற உரமாகவும் வயலுக்குப் போகிறது. அதற்கு வேண்டிய ஹைட்ரஜன் ஏறக்குறைய எல்லாமே இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது.

‘பசுமை’ என்ற அடைமொழி புதிது. அது குறிக்கும் தொழில் பழையது. 1920-களின் இறுதியிலேயே நார்வேயில் ருயுகான் அருகே வேமார்க்கில், அருவி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் எடுத்தார்கள். அணு ஆய்வுக்கு வேண்டிய கனநீர் எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று இரண்டாம் உலகப்போரில் தகர்க்கப்பட்டதே, அதே ஆலைதான். நம் நாட்டில் பஞ்சாபின் நங்கல். பக்ரா அணை கட்டியபோது கிடைக்கவிருந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. 1961-இல் அங்கே மின்பகுப்பு ஹைட்ரஜனை வைத்து உர ஆலை தொடங்கியது. அடுத்த ஆண்டே இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் அதன் பக்கத்தில் வந்தது. பிறகு ஊர்களுக்கும் வயல் மோட்டார்களுக்குமே மின்சாரம் போதவில்லை. நங்கல் எண்ணெய்க்கு மாறி, பின்னாளில் இயற்கை வாயுவுக்கு மாறியது. எகிப்தின் அஸ்வானிலும் இதே கதை. 1960 முதல் நைல் அணை மின்சாரத்தால் அங்கே அம்மோனியா ஆக்கினார்கள். கர்னாக் கோயிலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே. அமூனின் பெயர் கொண்ட வாயு அவன் நாட்டிலேயே, அதுவும் மின்சாரத்தால் பிறந்தது. அந்த ஆலையும் கடைசியில் இயற்கை வாயுவுக்குப் போய்விட்டது.

இந்த வரலாற்றைப் பார்த்தால் என் சந்தேகம் ‘பசுமை’ என்ற சொல்லின் மேல் விழவில்லை, திட்டக் குறிப்புகளில் அதற்குப் பின்னால் நிற்கும் ‘உபரி மின்சாரம்’ என்ற தொடரின் மேல்தான் விழுகிறது. உபரி என்பது மின்சாரத்தின் குணமில்லை. அந்த நேரத்தின் குணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது முப்பந்தல் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை மின்தொகுப்பு சில நேரம் ஏற்க முடிவதில்லை, நிறுத்தச் சொல்கிறார்கள். அது உண்மையான உபரி. ஜனவரி இரவில் அதே தொகுப்பு நிலக்கரியை நம்பி நிற்கும். உபரி நேரத்தில் மட்டும் ஓட்டுவதென்றால் மின்பகுப்பு எந்திரம் ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். வட்டி மட்டும் ஓடும். அம்மோனியா ஆலைக்கோ நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது ஓட்டுவது ஒத்துவராது. அதனால்தான் பெரிய திட்டங்கள் எல்லாம் தங்களுக்கென்றே தனியாகச் சூரியத் தகடும் காற்றாலையும் போட்டுக்கொள்கின்றன. அது உபரி அல்ல, உற்பத்தி. அப்படியே சொல்லிவிட்டால் குற்றமில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஒரு டன் அம்மோனியாவில் 177 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. நைட்ரஜன் பிரிப்பது, அழுத்துவது எல்லாம் சேர்த்தால் டன்னுக்குச் சுமார் 10,000 யூனிட். அந்த டன்னை எரித்தால் வரும் வெப்பம் 5,000 யூனிட்டை ஒட்டியது; அதிலிருந்து மறுபடி மின்சாரம் எடுத்தால் 2,000, மிஞ்சினால் 2,500. போட்டதில் கால்பங்கு! ஒருநாள் இரவுக்குச் சேமிக்க இதைவிட மோசமான வழி கிடையாது. பேட்டரிக்கே அந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு என்றால், மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கடல் கடத்தவும் பேட்டரியால் ஆகாது. ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். அம்மோனியாவுக்கு மைனஸ் 33 போதும். ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருக்கும் ஹைட்ரஜன் 70 கிராம் அளவு. ஒரு லிட்டர் திரவ அம்மோனியாவிலோ சுமார் 120 கிராம். எரிபொருளாக அது நிரூபணம் ஆகாததும் அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது பெல்ஜியத்தில் பேருந்துகள் அம்மோனியாவில் ஓடின. ஒலியைப் போல ஆறு மடங்குக்கு மேல் வேகம் எடுத்த அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் எரிபொருளும் இதுவே. 2024-இல் ஜப்பானின் ஹெக்கினான் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு 20 சதவீதம் கலந்து எரித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு யோகோஹாமாவில் அம்மோனியாவில் ஓடும் இழுவைப்படகு வேலைக்கு வந்தது. ஆனால் என் தீர்ப்பைக் கேட்டால், இதை எரிப்பதைவிட உரமாகவே கொடுப்பது மேல். உரத்துக்கு அம்மோனியா அம்மோனியாவாகவே வேண்டும். திருப்பி மின்சாரமாக்கி முக்கால்பங்கைத் தொலைக்க வேண்டியதில்லை.

நெடியை மறந்துவிட்டு இந்தப் பெயரைப் பேசக்கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்த நிற அடைமொழி போட்டாலும் மூலக்கூறு ஒன்றுதான்; நுரையீரலுக்குப் பச்சை, சாம்பல் என்ற பேதம் தெரியாது. தூத்துக்குடியில் தொட்டி கட்டுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது கரைமேல் இருக்கும் குப்பங்களுக்கு.

அடைமொழிக்குச் சட்ட வரையறை வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வரையறைப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயு அளவைத் தாண்டாமல் இருந்தால் அது பசுமை. பன்னிரண்டு மாதச் சராசரி. மின்தொகுப்பில் ‘பேங்கிங்’ செய்த மின்சாரத்தையும் அந்த வரையறை ஏற்றுக்கொள்கிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்களுக்குப் பழகிய சொல்தான் இது: ஆடிக் காற்றில் கொடுத்த யூனிட்டைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு பின்னொரு நாளில் எடுத்துக்கொள்வது. கணக்கில் அது காற்று மின்சாரம். எடுக்கும் அந்த மணி நேரத்தில் கம்பியில் வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வேறு. இப்போது மாதக் கணக்கை ஏற்கும் அது, 2030 ஜனவரி முதல் மணிக்கு மணி கணக்குக் கேட்கும்: எந்த மணியில் ஹைட்ரஜன் எடுத்தீர்களோ அதே மணியில் காற்றோ வெயிலோ அந்த மின்சாரத்தைத் தந்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றிய அம்மோனியா ராட்டர்டாமில் அதே பெயரோடு இறங்க வேண்டுமானால் அந்த ஏட்டை இன்றே எழுதத் தொடங்க வேண்டும்.